வலியைச் சொன்னால்தான் உதவி வீடு தேடி வரும்

முற்றிய புற்றுநோயோடு வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் ஒரு பாடம்

"இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கங்க." முற்றிய புற்றுநோய் உள்ள பெரியவர்களின் குடும்பத்தார் பலர் கேட்டிருக்கும் வாக்கியம் இது. நோயைக் குணமாக்கும் சிகிச்சை முடிந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் வலிக்கு, மூச்சுத்திணறலுக்கு, வாந்திக்கு, புண்ணுக்கு, தூக்கமில்லாத இரவுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்கு நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் பேலியேட்டிவ் கேர் என்பார்கள். அதில் பெரும்பகுதியை வீட்டிலேயே கொடுக்க முடியும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவத் துறை அதை இலவசமாகவே தருகிறது.

ஒரே ஒரு சிக்கல். வலியில் இருப்பவர் சொல்ல வேண்டும். அல்லது அவருக்காக வேறு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாத வலி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்: வலியை எப்படிக் கேட்பது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு வீட்டில் என்ன செய்வது.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

சேலம், நாமக்கல் பக்கம் வீடுகளில் பகல் நேரத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி என்றால் பிள்ளைகள் தறியில் இருப்பார்கள். நாமக்கல், சங்ககிரி என்றால் லாரியில் வெளி மாநிலத்தில் இருப்பார்கள். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் வண்டியோடு மாதக்கணக்கில் வெளியூர். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் காட்டு வேலை, ஜவ்வரிசி ஆலை. நோயாளியோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவருடைய வயதான மனைவி, அல்லது மருமகள். எழுபது வயது அம்மா, எழுபத்தைந்து வயது அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கிறார்.

அதனால் போன் கையில் இருக்கும் மகனோ மகளோ பேரனோ தூரத்தில் இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை உண்டு. நம்பர் தேடுவது, பதிவு செய்வது, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வைப்பது, தினமும் ஒரு தடவை கூப்பிட்டு வலியைக் கேட்பது ஆகிய நான்கையும் லாரி கேபினில் இருந்தபடியே செய்யலாம்.

"ஒண்ணுமில்ல கண்ணு"

பெரியவர்கள் வலியை மறைப்பார்கள். "ஒண்ணுமில்ல கண்ணு, நீ வேலையப் பாரு" என்பார்கள். செலவு ஆகிவிடும், மகன் லீவு போட்டு வந்துவிடுவான், மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பல பயங்கள். வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்ற எண்ணமும் உண்டு. ஆகவே "வலிக்குதா?" என்று கேட்டால் சரியான பதில் வராது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

"நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?" "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா கஷ்டமா இருக்கு?" "ஒண்ணுமே இல்லைன்னா சுழி, தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எத்தனை?" மருத்துவமனைகளில் வலியை அளப்பது இந்தச் சுழி முதல் பத்து வரையான கணக்கில்தான். எண் சொல்லத் தெரியாதவர்களிடம் ரூபாய்க் கணக்கில் கேட்கலாம்: "முழு வலி ஒரு ரூபான்னா, இப்ப எத்தனை அணா?" பழைய ஆட்களுக்கு அது சட்டெனப் புரியும்.

பேச முடியாதவர், நினைவு குழம்பியவர் என்றால் முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்குவது, துணி மாற்றும்போது முனகுவது, ஒரு இடத்தைக் கையால் பிடித்துக்கொள்வது, சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாமே வலி பேசும் விதங்கள்.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், புற்றுநோயாளியின் வலிக்கு நான்கு பக்கம் உண்டு என்று கற்றுத் தந்தார்: உடம்பு, மனசு, குடும்பம்-பணம், ஆன்மா. நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதை அப்படியே பார்க்கலாம். பேத்தி கல்யாணம் முடியவில்லை, கடன் பத்திரம் இன்னும் மீட்கவில்லை, தம்பியோடு பேச்சில்லாமல் போய்விட்டது என்ற கவலைகள் இரவில் உடம்பு வலியைக் கூட்டிவிடும். மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும்.

உதவி எங்கே இருந்து வரும்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் பலருக்கும் இது தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சேவையும், இயன்முறை சிகிச்சை என்ற பிசியோதெரபியும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. வட்டார அளவில் இதற்கென நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். 2024-இல் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

பதிவு செய்யும் வழி எளிது.

முதலில் உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ சொல்லுங்கள். யார் என்று தெரியாவிட்டால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். நோயாளியை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கடைசி மருந்துச் சீட்டு, ஆதார் ஆகியவற்றின் நகலோடு வீட்டு ஆள் ஒருவர் போனால் போதும்.

சொல்லும்போது "கேன்சருங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "படுக்கையில இருக்காங்க, ராத்திரி வலி எட்டு, மூணு நாளா மலம் போகலை, இடுப்புல புண் வந்திருக்கு" என்று சொல்லுங்கள். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவெடுக்க நர்ஸுக்கு உதவுவது இந்த விவரங்கள்தான்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 104-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் மருத்துவ ஆலோசனை எண். பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே போகும்போது வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு எது என்று விசாரித்துப் போங்கள்.

வீடு தேடிப் போகும் இந்த முறைக்கு நம் பக்கத்து மாநிலமே முன்னோடி. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் ஒரு வலி நிவாரண மையத்தைத் தொடங்கினார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்து, நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பழக்கம் பரவியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. நர்ஸம்மா மாதத்தில் சில நாள்தான் வர முடியும். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வர முடியும். அவர்கள் காட்டிய பாடம் அதுதான்.

மார்ஃபின்: பயப்பட வேண்டாம், விளையாடவும் வேண்டாம்

புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வழிகாட்டியது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை, அடுத்து டிராமடால் போன்றவை, கடும் வலிக்கு மார்ஃபின். வாய்வழியாக, மணி தவறாமல், ஆளுக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி வளர்க்கிறார்கள். மூலப்பொருள் நம் நாட்டிலேயே விளைந்தும், 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் பல ஆண்டுகள் நம் நோயாளிகளுக்கு இந்த மாத்திரை எட்டாமலே இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பழையபடி பல உரிமங்கள் தேடி அலையாமல் மார்ஃபின் வைத்துக்கொண்டு தரலாம். சாதாரண மெடிக்கல் கடையில் கேட்டால் கிடைக்காது; ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் அடிக்கடி வரும் கேள்விகள் இவை.

"மார்ஃபின் ஆரம்பிச்சா கதை முடிஞ்சதுன்னு அர்த்தமா?" இல்லை. வலி கடுமையாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். மாதக்கணக்கில், சிலர் அதற்கு மேலும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் ஆயுள் குறையாது.

"பழக்கமாயிடுமா?" வலிக்காக, அளவோடு, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுபவர்களுக்குப் போதை அடிமைத்தனம் வருவது அரிது. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

"தூங்கிட்டே இருக்காங்களே?" முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் வரலாம், பிறகு குறையும். எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மூச்சு ரொம்ப மெதுவாக வருவது என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே கூப்பிடுங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் டாக்டர் குறைந்த அளவில்தான் தொடங்குவார்.

"வயிறு போகலை." மார்ஃபினால் மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே எழுதித் தருவார்கள். அதை விட்டுவிட்டு மார்ஃபினை மட்டும் கொடுக்காதீர்கள்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். வேறு யாருடைய தலைவலிக்கும் கொடுக்காதீர்கள். மீதமிருந்தால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு நாள் கணக்கு

நோட்டு எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வீட்டை மனசில் வைத்துக்கொள்வோம். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலை, நான்கு மணிக்கு ஒருமுறை மார்ஃபின். மருமகள் நோட்டில் எழுதியது இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

காலை 6 மணி: வலி 7. மாத்திரை கொடுத்தது.
7 மணி: வலி 3. கஞ்சி குடித்தார்.
9 மணி: வலி 6. அழுதார்.
10 மணி: வலி 8. மாத்திரை கொடுத்தது.
11 மணி: வலி 3.

இந்த ஐந்து வரியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நர்ஸுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்: மருந்து கேட்கிறது, ஆனால் நான்கு மணி நேரம் தாங்கவில்லை, அளவு போதவில்லை. டாக்டர் அளவைக் கூட்டலாம். நடுவில் வலி வந்தால் கொடுக்கக் கூடுதல் மாத்திரை எழுதலாம். "மாத்திரை சாப்பிட்டும் வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்காது. மருந்தின் அளவை நாமாகக் கூட்டக் கூடாது. நோட்டைக் காட்டிக் கேட்க வேண்டும்.

போனில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று அலாரம் வைத்துவிடுங்கள். நள்ளிரவு மாத்திரைக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணி அளவைக் கூட்டி எழுதும் வழியும் உண்டு. அதை டாக்டரிடம் கேளுங்கள். வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு இறக்குவதுதான் கஷ்டம்.

அன்றாடக் கவனிப்பு

வாய்: ஒரு டம்ளர் ஆறின வெந்நீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்க வையுங்கள். முடியாதவருக்கு மெல்லிய துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள். வாயில் வெள்ளைத் திட்டு இருந்தால் நர்ஸிடம் காட்டுங்கள், மருந்து உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர் வாய்ப் புண்ணோடு அதைக் கேட்டால் திட்டாதீர்கள்; எரிச்சல் கூடும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சாப்பாடு: பசி குறைவது நோயின் போக்கு. "சாப்பிட்டாத்தான் தெம்பு" என்று வாயில் திணிக்க வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், மோர், இளநீர், குழைந்த பருப்புச் சாதம் என்று அவருக்குப் பிடித்ததை இரண்டு மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் கொடுத்தால் போதும். தலையைத் தூக்கி உட்கார வைத்தே கொடுங்கள். விழுங்கும்போது இருமினால் நிறுத்திவிடுங்கள். படுக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

முதுகும் இடுப்பும்: இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகாலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் தலையணை. படுக்கை விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருக்கக் கூடாது. காற்று மெத்தை உதவும், ஆனால் அது இருந்தாலும் திருப்பிப் படுக்க வைப்பதை விடக் கூடாது. தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

நாற்றமடிக்கும் புண்: வீட்டில் யாரும் பேசாத கஷ்டம் இது. அந்த வாடையாலேயே பெரியவர் பேரப்பிள்ளையைக் கிட்ட வர வேண்டாம் என்பார். நர்ஸிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேல் போட்டு வாடையைக் குறைக்கும் வழி உண்டு. எவ்வளவு, எப்படி என்று அவர் காட்டித் தருவார். வாடை குறைந்தால் பேரப்பிள்ளை மறுபடி கட்டிலில் வந்து உட்காரும். அதுவும் சிகிச்சைதான்.

மூச்சுத்திணறல்: ஜன்னலைத் திறந்து, சாய்த்து உட்கார வைத்து, முகத்துக்கு நேராக ஃபேன் வையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் குறையுங்கள். இதற்கும் டாக்டர் சிறு அளவில் மார்ஃபின் தருவதுண்டு.

உடனே கூப்பிட வேண்டியவை

திடீரென்று கால் இரண்டும் வலுவிழப்பது, முதுகுவலியோடு சிறுநீர் மலம் தெரியாமல் போவது: தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல்: ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

சிறுநீர் அரை நாளாக வராமல் அடிவயிறு வீங்கி வலிப்பது, நிற்காத வாந்தி, புதிதாக வரும் குழப்பம், வலிப்பு.

புண்ணிலிருந்து அதிக ரத்தப்போக்கு: சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்து, வாய்ப் புற்றுநோய் உள்ள வீட்டில் அடர்நிறத் துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்த்தால் நோயாளியும் குடும்பமும் அரண்டுவிடுவார்கள்.

இவற்றுக்கு 108 ஆம்புலன்ஸ். வீடு தோட்டத்துக்குள் இருந்தால் ஓர் ஆள் மெயின் ரோட்டில் போய் நின்றுகொள்ளட்டும்.

அவரிடம் பேசியாச்சா?

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடைஞ்சிருவாரு." டாக்டர் அறைக்கு வெளியே பல பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் உடம்பு இளைப்பது, பேச்சு நின்றுபோவது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவது அவருக்குத் தெரியாதா? பெரும்பாலும் அவருக்கும் தெரியும். அவரும் உங்களிடம் மறைப்பார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் நடிப்பு நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உடம்பைப் பத்தி டாக்டர் சொன்னதெல்லாம் தெரிஞ்சுக்கணுமாப்பா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அந்த முடிவையும் மதியுங்கள். அடுத்து, "எங்க இருந்தா உங்களுக்கு நிம்மதி? யாரைப் பாக்கணும்? எது வேண்டவே வேண்டாம்?" என்று கேளுங்கள். குலசாமி கோயிலுக்கு ஒரு தடவை போக வேண்டும் என்பார் ஒருவர். ஐசியூ வேண்டாம் என்பார் மற்றொருவர்.

செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிமையாக்கியது. நோயாளி தெளிவோடு இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தனக்காக முடிவெடுக்க வேண்டியவரின் பெயரையும் அதில் எழுதலாம். அதன் போட்டோ குடும்பத்தார் போனில் இருக்கட்டும்.

போனிலேயே முடிக்கக்கூடிய வேலைகள்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. சந்தேகங்களுக்கு 1800 425 3993.

ரேஷன்: கடைக்குப் போய்க் கைரேகை வைக்க முடியாதவர்கள், தங்களுக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

பென்ஷன்: ஓய்வூதியர் உயிர்வாழ்வுச் சான்றுக்காக ஆபீஸ் படியேற வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து சிறு கட்டணத்தில் எடுத்துத் தருவார்.

வங்கி: 70 வயது தாண்டியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியது. உங்கள் கிளையில் கேளுங்கள். வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஏடிஎம் பின் நம்பரை வாங்கி நாமே எடுத்துக்கொள்வது சரியான வழி ஆகாது. பணம் அவருடையது, அவரைக் கேட்டே செலவு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு மட்டும் ஒரு குரூப் தொடங்கி, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், வலி நோட்டின் படங்களைப் போடுங்கள். நோயாளியின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். "இந்த மூலிகை சாப்பிட்டா கேன்சர் கரையும்" என்று வரும் வீடியோவை நம்பிப் பணம் கட்டும் முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கவனிப்பவரைக் கவனியுங்கள்

இரவெல்லாம் விழித்திருக்கும் அந்த அம்மாவுக்கும் மருமகளுக்கும் பிரஷர் மாத்திரை இருக்கும். அதைச் சாப்பிட மறந்திருப்பார்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறொருவர் காவல் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளை பணம் மட்டும் அனுப்பாமல் மாதத்தில் இரண்டு நாள் வந்து கட்டில் பக்கம் படுக்கட்டும். மனசு தாங்கவில்லை என்றால் 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

கடைசி நாட்களில்

தூக்கம் கூடும், சாப்பாடும் தண்ணீரும் குறையும், கை கால் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரப்புச் சத்தம் கேட்கும். உடம்பு மெல்ல அடங்குவதன் அடையாளங்கள் இவை. பக்கவாட்டில் படுக்க வைத்து, உதட்டை நனைத்து, வலி மருந்தைத் தொடருங்கள். விழுங்க முடியாவிட்டால் வேறு எந்த வழியில் கொடுப்பது என்பதை நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கும் என்றே எண்ணிப் பேசுங்கள்.

வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்றால், அதை உறவினர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் வருகிறவர் "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று சத்தம் போட, அவர் பயந்த அதே இடத்தில் போய் முடியும்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. இன்று இரவு அவரிடம் சுழி முதல் பத்து வரை கேளுங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

2. நாளை சுகாதார நர்ஸின் எண்ணை வாங்கி வீட்டில் எல்லோருடைய போனிலும் ஏற்றுங்கள். சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கும் அது தெரிய வேண்டும்.

3. ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து ஒரே இடத்தில் சேமியுங்கள்.

4. மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து நாளுக்குக் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லாமல் இருக்கலாம். உங்கள் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடு இருக்கக்கூடும். போய், "நர்ஸம்மா வந்துட்டுப் போனாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் போனிலிருந்தே 104-ஐக் கூப்பிட்டுக் கொடுங்கள்.